ஜூரு ஆற்று முகத்தில் பிடித்த மீன்: எதைச் சாப்பிடலாம், எதைத் தள்ள வேண்டும்

சகோதரி, நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். பினாங்கின் செபராங் ஜெயாவில் குடியிருக்கிறீர்கள். கணவர் ஞாயிறுதோறும் ஜூரு ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குத் தூண்டிலோடு போய் மடவை, கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு சியாக்காப் (கொடுவா) கொண்டுவருகிறார். உங்களுக்கு இது நான்காம் மாதம். வீட்டில் நான்கு வயதுப் பெண் குழந்தையும் இருக்கிறாள். ஆற்றுத் தண்ணீர் கறுத்து நாறுகிறது. மாமியாரோ மஞ்சளும் புளியும் போட்டு நன்றாக அலசினால் எல்லாம் போய்விடும் என்கிறார். பாசார் (சந்தை) மீனும் அதே கடலில் வந்ததுதானே, பேசாமல் மீனையே விட்டுவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உறைபெட்டியில் இன்னும் இரண்டு பை கெளுத்தி இருப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். கடல் அழுக்கா இல்லையா என்பதல்ல உங்கள் கவலை. அந்த அழுக்கு உங்கள் தட்டுக்கு வருகிறதா, வந்தால் அடுப்படியில் அதை நீக்க முடியுமா என்பதே கேள்வி.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆற்று முகத்தில் பிடித்த மீனை நீங்களும் குழந்தையும் சாப்பிட வேண்டாம். ஆனால் மீனை விட்டுவிடாதீர்கள். வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு மீனில் உள்ள கொழுப்பமிலம் வேண்டும். அதற்கு ஈடாக அதே விலையில் வேறொன்று எளிதில் கிடைக்காது. மாற்ற வேண்டியது எந்த மீன், எங்கே பிடித்தது, எந்தப் பாகம், வாரத்துக்கு எவ்வளவு என்ற நான்கைத்தான். மஞ்சளும் புளியும் கவிச்சியைப் போக்கும், அதற்கு மேல் ஒன்றும் செய்யாது.

முதலில் அந்த நாற்றம். கறுத்த தண்ணீரும் அழுகிய முட்டை வாடையும் சாக்கடையும் கழிவும் சேர்ந்து பிராணவாயு தீர்ந்துபோன தண்ணீரின் அடையாளம். அது கிருமி இருப்பதைச் சொல்லும், உலோகம் இருப்பதைச் சொல்லாது. பாதரசத்துக்கும் காட்மியத்துக்கும் காரீயத்துக்கும் மணமும் இல்லை, நிறமும் இல்லை. தெளிந்த தண்ணீரில் பிடித்த மீனில் அவை இருக்கலாம். நாறும் தண்ணீரில் பிடித்ததில் குறைவாகவும் இருக்கலாம். மூக்கை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு ஒரே ஒரு விலக்குதான்: மீனை அறுக்கும்போது மண்ணெண்ணெய் அல்லது டீசல் வாடை வந்தால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள்.

"ஆற்றின் தரம் மூன்றாம் வகுப்புக்கு ஏறிவிட்டதாகப் படித்தேன்" என்றும் எழுதியிருந்தீர்கள். இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சுற்றுச்சூழல் துறை ஆறுகளுக்குக் கொடுக்கும் தரக் குறியீடு ஆறே அளவுகளைக் கூட்டிப் போடும் கணக்கு: கரைந்த பிராணவாயு, உயிர்வேதியியல் பிராணவாயுத் தேவை, வேதியியல் பிராணவாயுத் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் தூசு, அமில காரத்தன்மை. இந்த ஆறில் ஒன்றுகூட உலோகம் இல்லை. உலோகங்களைத் துறை தனியாக அளந்தாலும் அந்த வகுப்பு எண்ணுக்குள் அவை வருவதில்லை. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நன்றாக நடந்து அம்மோனியா குறைந்தால் ஆறு வகுப்பு ஏறிவிடும். அடியில் கிடக்கும் சேறு அப்படியே இருக்கும்.

சட்டத்திலும் மீன் சாப்பிடுகிறவர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 2009-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளில் இரண்டு தரங்கள் உள்ளன. குடிநீர் எடுக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் கழிவுநீர் விடுபவர் ஏ தரத்தைப் பின்பற்ற வேண்டும். மற்ற இடங்களுக்கு பி தரம். ஏ தரத்தில் ஒரு லிட்டருக்கு 0.005 மில்லிகிராம் பாதரசம் வரை விடலாம், பி தரத்தில் 0.05, அதாவது பத்து மடங்கு. காரீயம் ஏ தரத்தில் 0.1, பி தரத்தில் 0.5. பினாங்கின் குடிநீரில் பெரும்பங்கு மூடா ஆற்றிலிருந்து வருகிறது, ஜூருவிலிருந்து அல்ல. குடிக்கிறவரை நினைத்து எழுதிய விதி அது. ஆற்று முகத்துச் சேற்றில் வாழும் கெராங் சிப்பியையும் அதை அள்ளிச் சாப்பிடுகிறவரையும் அது அதே அக்கறையோடு பார்க்கவில்லை. மேலும் அந்த எண்கள் செறிவுக்குத்தான் வரம்பு போடுகின்றன, ஓர் ஆண்டில் கொட்டும் மொத்த எடைக்கு அல்ல.

சேறு ஏன் இவ்வளவு முக்கியம்? ஆற்று நீரில் வரும் உலோகம் பெரும்பாலும் நுண்ணிய களிமண் துகளில் ஒட்டிக்கொண்டுதான் வரும். நன்னீரில் அத்துகள்கள் ஒன்றையொன்று விலக்கி மிதக்கும். உப்புநீரைத் தொட்டதும் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அங்கேயே படியும். அதனால் மேலே பல கிலோமீட்டருக்கு நடந்ததெல்லாம் முகத்துவாரத்தில் வந்து சேர்கிறது. பிறை தொழிற்பேட்டை 1970-களிலிருந்து இயங்குகிறது. ஜூரு ஆற்றின் அடிச்சேற்றில் உலோகங்கள் கூடியிருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. இன்று எல்லாத் தொழிற்சாலைகளும் ஒழுங்காக நடந்தாலும் நேற்றைய சேறு ஒரு பெருமழையிலோ தூர்வாரலிலோ கிளறப்படும். பிராணவாயு இல்லாத அந்தக் கறுஞ்சேற்றில்தான் சில பாக்டீரியாக்கள் சாதாரணப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. 1956-இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட நோய்க்குக் காரணம் இந்த வடிவம்தான். அங்கே ஆலை கொட்டிய அளவோடு இங்குள்ளதை ஒப்பிட முடியாது. ஆனால் அது உடலுக்குள் போகும் வழி ஒன்றுதான்.

இனி சமையலறைக்கு வருவோம். ஒவ்வொரு உலோகமும் மீனில் உட்காரும் இடம் வேறு. மெத்தில் பாதரசம் சதையில் இருக்கிறது, அதுவும் புரதத்தின் கந்தகத்தோடு இறுகப் பிணைந்து. அதைக் கழுவவும் முடியாது, வடிக்கவும் முடியாது, வறுக்கவும் முடியாது. வறுத்தால் தண்ணீர் வற்றி ஒரு கிராமுக்கான அளவு கூடத்தான் செய்யும். காட்மியம் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தேங்கும். நண்டின் ஓட்டைத் திறந்ததும் தெரியும் அந்த மஞ்சள் கூழ், கணவாயின் உட்பை, இறாலின் தலை ஆகியவை அதன் இருப்பிடம். காரீயம் எலும்பிலும் செவுளிலும் ஓட்டிலும் கூடுதலாக இருக்கும். பழைய மின்மாற்றி எண்ணெய் போன்றவற்றிலிருந்து வரும் பிசிபி வகை நஞ்சுகள் கொழுப்பில் கரைபவை. தோலுக்கடியிலும் வயிற்று மடிப்பிலும் தங்கும்.

ஆகவே ஒரு மீனை அறுக்கும்போது செவுளையும் குடலையும் ஈரலையும் முழுதாக எடுத்துவிடுவது உண்மையிலேயே பயன் தரும். வயிற்றின் உட்புறம் கறுப்பாக ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை நஞ்சு என்று சிலர் சுரண்டுவார்கள். அது நிறமிதான், கசப்பு பிடிக்காவிட்டால் சுரண்டலாம். சந்தேகமான இடத்து மீனென்றால் தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்கி, கம்பியில் சுட்டு எண்ணெய் வடிய விட்டால் பிசிபி குறையும். மீன் தலைக் கறி வைப்பவர்கள் செவுளை மிச்சம் மீதியில்லாமல் அகற்ற வேண்டும். நண்டைப் பொறுத்தவரை, மஞ்சளை வழித்தெறிந்துவிட்டு வெள்ளைச் சதையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நண்டை வேகவைத்த தண்ணீரைக் குழம்புக்கு ஊற்றாதீர்கள்; மஞ்சளில் இருந்த காட்மியத்தில் ஒரு பங்கு அதில் இறங்கியிருக்கும். புளியின் அமிலம் அரை மணி ஊறலில் சதைக்குள் போய் உலோகத்தை இழுத்து வராது. மாமியாரிடம் இதை எதிர்ப்பேச்சாகச் சொல்ல வேண்டாம். புளி கவிச்சிக்கு நல்லது, நஞ்சுக்கு மீனைத்தான் மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள்.

அளவுக் கணக்கு இது. உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, கருவிலுள்ள பிள்ளையைக் காக்கும் நோக்கில் 2003-இல் ஒரு வரம்பு வைத்தது: உடல் எடை ஒரு கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரம் 96 மைக்ரோகிராம். மலேசிய உணவு விதிமுறைகளில் பிற மீன்களை வேட்டையாடும் மீன்களுக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம், மற்ற மீன்களுக்கு 0.5 மில்லிகிராம் என வரம்பு. சட்ட வரம்பில் சரியாக நிற்கும் வேட்டை மீன் ஒன்றை 96 கிராம் சாப்பிட்டாலே உங்கள் வாரக் கணக்கு தீர்ந்தது, 0.5 உள்ள மீனென்றால் 192 கிராம். ஆனால் 0.05 உள்ள சிறு மீனென்றால் வாரம் 1.9 கிலோ வரை போகலாம். சட்டப்படி விற்கக்கூடியது என்பதும் கர்ப்பிணி விரும்பிய அளவு சாப்பிடலாம் என்பதும் ஒன்றல்ல. 16 கிலோ எடையுள்ள உங்கள் மகளுக்கு வாரம் 25.6 மைக்ரோகிராம்தான். 1 மில்லிகிராம் உள்ள மீனில் அது வெறும் 25 கிராம், ஒரு வாய்த் துண்டு.

எந்த மீன் குறைவு என்பதற்கு ஒரு நேர்வழி உண்டு: சின்னது, சீக்கிரம் வளர்வது, மிதவை உயிரிகளைத் தின்பது. கெம்போங் (அயிலை), சிலார், மத்தி, நெத்திலி, பாவால் (வாவல்), இறால் ஆகியவை இந்தப் பக்கம். டப்பா சார்டினும் இதில்தான் சேரும். உப்பைப் பார்த்துக்கொண்டால் போதும். தெங்கிரி (வஞ்சிரம்) மற்ற மீன்களைத் தின்னும் மீன். கையளவு அகலமுள்ள சிறியதின் துண்டுகளை எப்போதாவது சாப்பிடலாம், பெருந்தெங்கிரியின் தடித்த துண்டுகளைப் பிள்ளை பிறக்கும்வரை விடுங்கள். பெரிய சூரை, பெரிய திருக்கை, கொப்பரன் வகைகளும் அப்படியே. அமெரிக்க உணவு மருந்துத் துறை கர்ப்பிணிகளுக்குச் சொல்வது பாதரசம் குறைந்த மீன் வாரம் 227 முதல் 340 கிராம். நம் வீட்டுக் கணக்கில் நடுத்தரக் கெம்போங் மூன்றோ நான்கோ, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து.

சுறாவைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்று சுறாக் கறியும் புட்டும் செய்து கொடுப்பது நம் வீடுகளில் அன்பின் ஓர் அடையாளம். உங்களுக்கும் ஐந்து மாதத்தில் அது வரும். சுறா நீண்ட நாள் வாழும் வேட்டை மீன். உலகெங்கும் கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலில் அதுதான் முதலில் நிற்கிறது. குட்டிச் சுறாவில் பெரிய சுறாவைவிடக் குறைவாக இருக்கும் என்பது சரி. ஆனால் பத்தியக் காலத்தில் அது ஒரு நாளோடு நிற்பதில்லை, நாள்தோறும் வரும். அதே பூண்டு, அதே மிளகு, அதே கைப்பக்குவத்தில் கெம்போங்கோ பாவாலோ வைத்து உதிர்த்துப் புட்டு செய்யச் சொல்லுங்கள். பால் ஊறுவது பிள்ளை அடிக்கடி சப்புவதாலும் தாய் நன்றாகச் சாப்பிட்டு ஓய்வெடுப்பதாலும்தான்.

பாசார் மீனும் அதே கடல்தானே என்ற கேள்விக்கு: இல்லை. பாசாரில் உள்ள கெம்போங் கரையிலிருந்து விலகிய நீரில் வலை போட்டுப் பிடித்தது. கோலக் கெடா, கோலப் பெர்லிஸ் பக்கமிருந்தோ தாய்லாந்திலிருந்தோ வந்திருக்கவும் கூடும். ஒரே இடத்து மீனை வாரம் தவறாமல் சாப்பிடுவதில்தான் ஆபத்து கூடுகிறது. உங்கள் கணவர் செய்வது அதுதான். அவர் கொண்டுவரும் மடவை சேற்றை நக்கித் தின்பது, கெளுத்தி சேற்றில் புரண்டு புழு தேடுவது. முகத்துவாரச் சேறு யார் வயிற்றில் அதிகம் போகிறதோ அவற்றையே அவர் தூண்டில் தேர்ந்தெடுக்கிறது. சியாக்காப் சேற்றைத் தின்பதில்லை என்றாலும் அதுவும் அதே இடத்துச் சிறு மீன்களைத் தின்றே வளர்கிறது. தூண்டில் அவருக்குப் பொழுதுபோக்கு மட்டுமல்ல, வாரம் முழுக்க உழைத்தவரின் மூச்சு என்று புரிகிறது. அதை விடச் சொல்லவில்லை. தெலுக் பஹாங், தெலுக் கும்பார் போல ஆற்று வாய்க்கு விலகிய கரைக்கோ படகு வாடகைக்கு எடுத்துக் கடலுக்குள்ளோ போகட்டும். பிறை, ஜூரு, பினாங்கு ஆறுகளின் முகத்தையும் ஜெலுத்தோங் குப்பை மேட்டுக் கரையையும் நிபோங் திபால் பக்கம் புலாவ் பூரோங் குப்பைக் கிடங்கை ஒட்டிய கால்வாய்களையும் தவிர்க்கட்டும். செத்து மிதக்கும் மீனை எங்கிருந்தாலும் எடுக்கக் கூடாது.

கெராங்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பினாங்கில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் விட முடியாது. சேற்றில் புதைந்து நீரை வடிகட்டித் தின்னும் உயிர். அதை நாம் குடலோடு முழுதாகச் சாப்பிடுகிறோம். சிப்பிகளில் காட்மியத்துக்கு சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்த வரம்பு கிலோவுக்கு 2 மில்லிகிராம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 1. ஒரு தட்டு சார் குவே தியாவ் நூடுல்ஸில் 25 கிராம் கெராங் சதை இருக்கிறதென்று வையுங்கள். கிலோவுக்கு 1 மில்லிகிராம் இருந்தாலும் அது 25 மைக்ரோகிராம். 60 கிலோ உடலுக்கு மாதம் 1,500 மைக்ரோகிராம் வரை என்பது நிபுணர் குழுவின் கணக்கு. அரிசியிலும் கீரையிலும் சிகரெட்டிலும் வருவது அதில் சேரும். மாதம் ஒன்றிரண்டு தட்டில் உலோகத்துக்காகப் பயப்பட ஒன்றுமில்லை. இரத்தச் சோகை உள்ளவர் உடல் காட்மியத்தை அதிகம் உறிஞ்சும் என்பதால் கிளினிக்கில் கொடுத்த இரும்பு மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.

உண்மையில் கெராங்கின் அவசர ஆபத்து கிருமிதான். கடாயில் கடைசியில் போட்டு இரண்டு புரட்டு புரட்டி, சிவப்பு நீர் வடிய எடுக்கும் கெராங்கில் மஞ்சள் காமாலை ஏ வைரஸும் விப்ரியோ கிருமியும் சாகாது. உள்ளே 90 டிகிரி சூடு 90 விநாடி நிற்க வேண்டும். அப்படி வெந்த கெராங் சுருங்கி, சிவப்பு போய்ப் பழுப்பாகியிருக்கும். கர்ப்பிணி அப்படி வெந்ததை மட்டுமே தொட வேண்டும். இரவு முழுக்க உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தால் மணலைக் கக்கும். சுத்தக் கடல்நீரை ஓடவிட்டு 48 மணி வைத்தால் பாக்டீரியா பெரிதும் குறையும். உலோகம் இறங்க அதைவிட மிக நீண்ட காலம் ஆகும். இன்னொன்று, பாசி நஞ்சு. 2024 ஏப்ரலில் போர்ட் டிக்சன் சிப்பிகளுக்கு மீன்வளத் துறை எச்சரிக்கை கொடுத்தது நினைவிருக்கலாம். அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. அப்படி அறிவிப்பு வந்த பகுதிச் சிப்பியை அறிவிப்பு நீங்கும்வரை வாங்காதீர்கள்.

இணையத்தில் கிடைக்கும் ஆய்வுகளைப் படித்துப் பலர் கலங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. சேற்றுயிர்களில் உலோகத்தைப் பெரும்பாலும் உலர் எடைக்குக் கணக்கிட்டு எழுதுவார்கள், சட்ட வரம்போ ஈர எடைக்கு. கெராங் சதையில் ஏறக்குறைய 80 விழுக்காடு தண்ணீர். உலர் எடையில் 4 என்று கண்டது தட்டில் 0.8 தான். ஐந்தால் வகுக்காமல் நேராக ஒப்பிட்டு "வரம்பை நான்கு மடங்கு தாண்டியது" என்று பரப்புகிறார்கள். ஆர்செனிக்கிலும் அதே குழப்பம்: கடல் உயிர்களில் இருப்பது பெரும்பாலும் ஆர்செனோபீட்டைன் என்ற, உடலில் தங்காமல் வெளியேறும் வடிவம். மொத்த ஆர்செனிக் எண்ணை மட்டும் பார்த்து அஞ்ச வேண்டாம்.

உங்கள் கணவர் பிடிக்கும் குறிப்பிட்ட மீனில் எவ்வளவு என்று ஆய்வுக்கூடம்தான் சொல்லும். எழுத்தில் இருந்து யாராலும் சொல்ல முடியாது. பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஆய்வுக்கூடத் தரத்துக்கான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வுக்கூடத்தில் கேளுங்கள். ஒரே இடத்தில் பிடித்த ஒரே வகை மீன் ஐந்தாறு, துருப்பிடிக்காத கத்தியால் அறுத்த சதை மொத்தம் 200 கிராம், புதிய பிளாஸ்டிக் பையில் உறையவைத்துக் கொடுக்க வேண்டும். பாதரசம், காட்மியம், காரீயம் மூன்றும், முடிவு ஈர எடையில், என்று எழுதிக் கொடுங்கள். ஒரே ஒரு மீனைச் சோதித்து வரும் எண்ணை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஆற்றில் திடீரென நிறமோ நுரையோ எண்ணெய்ப் படலமோ கண்டால் சுற்றுச்சூழல் துறையின் 1-800-88-2727 எண்ணுக்கு அப்போதே அழையுங்கள். நேரமும் இடமும் படமும் இருந்தால் நல்லது. ஒரு நீரேற்றம் வந்து போனால் தடயம் போய்விடும். 2024 திருத்தத்துக்குப் பிறகு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் உச்ச அபராதம் 10 மில்லியன் ரிங்கிட்.

இதுவரை சாப்பிட்டதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். மெத்தில் பாதரசம் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 50 நாள் ஆகும்; இன்று நிறுத்தினால் பிள்ளை பிறப்பதற்குள் பெரும்பகுதி இறங்கிவிடும். வாரம் ஒரு முறை, அதுவும் மடவையும் கெளுத்தியும் என்பதால் பாதரசம் உச்சத்துக்குப் போயிருக்க வாய்ப்பு குறைவு. மனம் கேட்கவில்லை என்றால் அடுத்த கர்ப்பகாலப் பரிசோதனையில் இரத்தத்தில் பாதரசமும் காரீயமும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். எந்த மீனை, எத்தனை மாதமாக, வாரம் எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்; மருத்துவருக்கு அந்தத் தாள் பெரிய உதவி.

உறைபெட்டியில் இருக்கும் அந்த இரண்டு பை கெளுத்தியை எறிந்துவிடுங்கள். பூனைக்கும் போட வேண்டாம்.